மூன்று மொட்டை வேண்டுதல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மதிவதனி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து புருவம் வரைந்துகொண்டிருந்தாள். வலது புருவம் ஒழுங்காக வந்துவிட்டது. இடதுதான் சிக்கல். சற்று மேலே ஏறிவிட்டதால், முகத்தின் ஒரு பாதி எதையோ கேட்டு ஆச்சரியப்படுவது போலவும், மறு பாதி அதெல்லாம் எனக்கு எப்போதோ தெரியும் என்பது போலவும் இருந்தது. அழித்தாள். மறுபடி வரைந்தாள். இந்த முறை இரண்டு பாதிகளும் சேர்ந்து யாரையோ சந்தேகப்பட்டன. போகட்டும் என்று விட்டுவிட்டாள். மகளின் வளைகாப்புக்குக் கிளம்புகிற தாய்க்கு ஆயிரம் வேலை இருக்கும். தன் முகத்தைத் தானே வரைந்துகொள்வதும் அதில் ஒன்று என்று நெமிலிச்சேரியில் யாரும் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை.

அடுத்தது ரவிக்கை. இடது பக்கத்துக்கு அவளே தைத்த காடாத் துணிப் பை ஒன்று இருந்தது. உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவே கடுகு. வெறும் பஞ்சு வைத்தால் நடக்க நடக்க மேலேறிக் கழுத்துக்கு வந்துவிடும், கனம் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் பட்டாபிராம் சபீனா. திங்கட்கிழமைகளில் ஒரே ரயிலில், ஒரே ஆஸ்பத்திரிக்கு, ஒரே வியாதிக்காகப் போனதில் கிடைத்த சிநேகிதி. "அரிசி போடாதடி, வேர்வைல ஊறிப் புளிச்சிடும். கடுகு போடு. தாளிக்காத வரைக்கும் ஒண்ணியும் ஆவாது" என்று சபீனா சொன்ன அன்று, மருந்து ஏற்றுகிற வார்டில் ஊசி செருகிய கைகளோடு ஆறு பெண்கள் சிரித்தார்கள். நர்ஸ் வந்து அதட்டினாள்.

கடைசியாக இடது கை. அதைத்தான் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். மார்பை எடுத்தபோது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிட்டதால் அந்தக் கையில் நீர் இறங்காமல் தங்கிவிடுகிறது. ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இறுக்கமாக எதையும் மாட்டக் கூடாது, கீறல் படவே கூடாது. கீறல் வழியாகக் கிருமி ஏறினால் கை வாழைத்தண்டு மாதிரி வீங்கி, ஜுரம் வந்து, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும். அடுத்த வாரம் தொடங்க வேண்டிய, கரண்டு வைக்கும் கதிர்வீச்சு சிகிச்சை தள்ளிப்போகும். வலது கைக்கு இன்னமும் ரெண்டே நாலு சைஸ் வளையல் போகிறது. இடது கையில் ரெண்டே எட்டும் கட்டைவிரல் எலும்பைத் தாண்டவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தாள், தாண்டவில்லை. இன்னும் அழுத்தினால் உடையும் என்று தோன்றியதும் கழற்றிவிட்டாள்.

"ரெடியா? வேன் வந்துகினு கீது" என்று வாசலிலிருந்து கணவர் தங்கவேல் குரல் கொடுத்தார். அவருடைய மொட்டைத்தலையில் டியூப்லைட் முழுசாகத் தெரிந்தது.

"கைல வளையல் போடச் சொன்னா இன்னாங்க பண்றது?"

"வலது கைய நீட்டு."

"ரெண்டு கையும் கேட்டா?"

தங்கவேல் யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தாலே மதிவதனிக்குப் பயம். இன்று வரை நடந்த எல்லாமே அவர் யோசித்ததால் நடந்தவைதான்.

ஆனி மாதம் ரிப்போர்ட் வந்த அன்று மகள் சுவேதா போனில் அழுதாள். அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, எங்க வீட்ல மட்டும் சொல்லாதம்மா" என்றாள். சேக்காட்டில் இருக்கும் மாமியார் வீட்டை அவள் 'எங்க வீடு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "ரெண்டு வருஷமா குழந்தை இல்லன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடிட்டிருக்கு. இதுவும் தெரிஞ்சா, ரத்தத்துலயே கோளாறுன்னு சொல்லிடுவாங்கம்மா." மதிவதனிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வியாதி தன்னுடையது, அவமானம் எதற்கு மகளுடையதாக வேண்டும்?

ஆபரேஷனுக்கு என்ன காரணம் சொல்வது என்று தங்கவேல் ஒரு ராத்திரி யோசித்து, கர்ப்பப்பை என்றார். அதற்குப் பிறகு தெருவே திரண்டு வந்து மதிவதனியின் கர்ப்பப்பையைத் தாங்கியது. உளுந்தங்களி வந்தது. வெந்தயக் கஞ்சி வந்தது. குத்துக்காலிட்டு உட்காராதே, குனியாதே, மாடி ஏறாதே என்று நாள் தவறாமல் அறிவுரை வந்தது. எந்தக் குறையும் இல்லாமல் அதுபாட்டுக்கு இருந்த கர்ப்பப்பைக்கு இத்தனை உபசாரம் நடக்க, இடது கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாத வலியைப் பற்றி விசாரிக்க ஆளில்லை. எப்படி விசாரிப்பார்கள்? சொன்னால்தானே.

தலை வாருகிற பிரச்சினையும் ஆவணி மாதம் தீர்ந்தது. இரண்டாவது முறை மருந்து ஏற்றியதும் முடி தலையணையோடு போய்விட்டது. தங்கவேல் மறுபடி யோசித்தார். திருத்தணி முருகனுக்கு வேண்டுதல் என்றார். பக்கத்து வீட்டுக்காரி உடனே கையை நீட்டி, "பிரசாதம் எங்கக்கா?" என்றாள். பொய்க்குப் பிரசாதம் தேவைப்படும் என்பதை அவர் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. மறுநாள் திருமழிசை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு ரயிலேறித் திருத்தணி போனார். பஞ்சாமிர்தம் வாங்கினார், விபூதி வாங்கினார், திரும்பும்போது அவர் தலையிலும் முடி இல்லை. "சாமி பேர்ல பொய் சொல்லிகினு சும்மா எப்டி வர்றது?" என்று கேட்டுவிட்டு, கொடியில் துண்டை உலர்த்தப் போய்விட்டார். மதிவதனி அன்றைக்குத்தான் அழுதாள். முடி போனதற்கு அழவில்லை.

வினை அதற்கடுத்த வாரம் வந்தது. சுவேதாவுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. டெஸ்டில் இரண்டு கோடு. சுவேதாவின் மாமியார் கெங்கம்மாள் விரலை மடக்கிப் பார்த்தார்: சம்மந்தி முடி கொடுத்தது இந்த வாரம், மருமகள் முழுகாமல் இருப்பது அடுத்த வாரம். நேராக நெமிலிச்சேரிக்கு ஆட்டோவில் வந்து இறங்கி, மதிவதனியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பொம்பள முடிய குடுக்கறது உசுர குடுக்கற மாரி. என் ஊட்டு வாரிசுக்காவ குடுத்துட்டு, ஒரு வார்த்த சொல்லலியே நீங்க!" மதிவதனி திகைத்துப்போய் கணவரைப் பார்த்தாள். தங்கவேல் விட்டத்தைப் பார்த்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மருந்து ஏற்றிக்கொண்டே இருந்ததால் ஐப்பசி வந்தும் முடி வளரவில்லை. சாதாரணமாக மொட்டை போட்டவர்களுக்கு இந்நேரம் சீப்பு தேவைப்பட்டிருக்கும். ஆக முடிக்குப் பதிலாக வேண்டுதல் வளர்ந்தது. ஒரு மொட்டை இல்லை, மூன்று மொட்டை. ஐப்பசியில் ஒன்று, மார்கழியில் ஒன்று. இரண்டு முறையும் தங்கவேல் ரயிலேறினார், இரண்டு முறையும் தலையைக் கொடுத்தார். சேக்காடு முழுக்க மதிவதனியின் புகழ் பரவியது. பெண்ணுக்குப் பிள்ளை நிற்க மூன்று மொட்டை போட்ட தாய்.

தை பிறந்து ஏழாம் மாத வளைகாப்பு குறித்தாயிற்று. பதினொரு மணிக்கு வளையல், அப்புறம் சாப்பாடு, நாலரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவிட வேண்டும். மதிவதனிக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். சுவேதா வீட்டுக்கு வர வேண்டும். பிரசவம் வரைக்கும் அந்தச் சின்ன வீட்டில் அவள் மூச்சு இருக்க வேண்டும். நேற்றும் போனில் சுவேதா கேட்டுக்கொண்டாள்: "நாளைக்கு ஒரு நாள்மா. என்னை வண்டில ஏத்துற வரைக்கும் சமாளி."

சேக்காட்டில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். வேனிலிருந்து சீர்த்தட்டுகளை இறக்குவதற்குள் ஒரு பெண் ஓடிவந்து மதிவதனியின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். கெங்கம்மாளின் தங்கை மகளாம், யுவராணி என்று பெயராம். முப்பது வயதிருக்கும். பின்னல் இடுப்புக்குக் கீழே இறங்கியது. தட்டை வாங்கினாளே தவிர நகரவில்லை.

"அக்கா, ஒரு தபா தொட்டுக்கவா?"

எதை என்று மதிவதனி கேட்பதற்குள், யுவராணி அவள் தலையில் அரை அங்குலத்துக்கு எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த முடியை உள்ளங்கையால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்கு கல்யாணமாயி ஆறு வருசம்கா" என்றாள். மதிவதனியின் உச்சந்தலை சுட்டது.

கூடத்தில் சுவேதா மனையில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் புடவை, கன்னத்தில் சந்தனம். அம்மாவைப் பார்த்ததும் முதலில் புருவத்தைத்தான் பார்த்தாள். லேசாகத் தலையசைத்தாள், பாஸ் என்பது போல. மதிவதனிதான் முதல் வளையல் போட வேண்டும் என்று கெங்கம்மாள் ஏற்பாடு. போட்டாள். மகளின் கை குளிர்ந்திருந்தது. நலங்கு வைத்தாள். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்து போட்டார்கள். மூலையில் கறுப்பு புர்காவில் சபீனா உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் சிநேகிதி என்று அறிமுகப்படுத்தியிருந்தாள் மதிவதனி. புர்காவுக்குள் முடி இருக்கிறதா இல்லையா என்று எவனும் கேட்கமாட்டான், எனக்கு ஒரு மொட்டை மிச்சம் என்று சபீனா வார்டில் பீற்றிக்கொள்வாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மதிவதனி மூச்சை விட்ட நேரத்தில், கெங்கம்மாள் ஒரு பெரிய வளையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் கேளுங்க. இந்தப் புள்ள நின்னதே எங்க சம்மந்தியால. அவுங்கள வெறுங்கையா உட்டா சாமிக்கே அடுக்காது. ரெண்டு கையும் முட்டி வரைக்கும் நானே போடப்போறேன். வாங்க சம்மந்தி, குந்துங்க."

உட்காராமல் இருக்க முடியவில்லை. வலது கையை நீட்டினாள். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று பன்னிரண்டு. வலது கை அவள் பக்கம் இருந்தது, மடமடவென்று வாங்கிக்கொண்டது. இடது கை முந்தானைக்குள் இருந்தது.

"இன்னா ஒளிச்சிகினு கீறீங்க? நீட்டுங்க."

"போதும் சம்மந்தி. அந்தக் கை கொஞ்சம் வலி. அப்பறமா போட்டுக்கறேன்."

"வளையல அப்பறம்னு சொல்லக்கூடாது. வவுத்துப்புள்ளக்காரி முன்னாடி ஒரு கை மூளியா நிக்கலாமா?" என்றபடி கெங்கம்மாள் முந்தானைக்குள் கைவிட்டு மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். அன்பான பிடி. அன்பான பிடியிலிருந்து கையை உருவிக்கொள்வது எப்படி என்று மதிவதனிக்குத் தெரியவில்லை. முதல் வளையல் கட்டைவிரல் எலும்பில் நின்றது. "இன்னா, இந்தக் கை மட்டும் இப்படிப் பூசுனாப்ல கீது?" யாரோ சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். இன்னொருத்தி, பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டினால் வழுக்கிக்கொண்டு போகும் என்று யோசனை சொன்னாள். கவர் வந்தது. கெங்கம்மாள் விரல்களைக் குவித்துப் பிடித்து, பல்லைக் கடித்து அழுத்தினார்.

மதிவதனி மகளைப் பார்த்தாள். சுவேதாவின் கண்கள் அந்தக் கையை விட்டு நகரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. 'சமாளி' என்றா 'வேண்டாம்' என்றா, இரண்டில் எது என்று மதிவதனியால் சொல்ல முடியவில்லை. சரி, ஒரு கைதானே, என்று நினைத்துக்கொண்டாள். மார்பே போன பிறகு கை என்ன. ஜுரம் வந்தால் வரட்டும், பெண் வண்டியில் ஏறிவிடட்டும்.

பட்டென்று ஒரு சத்தம். வளையல் உடைந்தது. இரண்டு துண்டில் ஒன்று தரையில் விழுந்தது, இன்னொன்று கவரைக் கிழித்துக்கொண்டு தோலில் கோடு போட்டது. கூடம் கப்பென்று அடங்கியது. வளைகாப்பில் வளையல் உடையக் கூடாது.

மூலையில் சபீனா எழுந்து நின்றுவிட்டாள்.

"உடுங்க சம்மந்தி" என்றாள் மதிவதனி. "இந்தக் கைல எதுவும் போடக்கூடாது. ஆஸ்பத்திரில சொல்லிகீறாங்க."

"எந்த ஆஸ்பத்திரி? கர்ப்பப்பைக்கும் கைக்கும் இன்னாங்க சம்மந்தம்?"

உலகத்திலேயே நியாயமான கேள்வி. அதற்குள் வாசலில், சாம்பார் வாளியோடு நின்றிருந்த தங்கவேல் யோசித்துவிட்டார்.

"அது வந்து சம்மந்தி... அந்தக் கைய நேந்து உட்டுகீது."

"இன்னாது?"

"முருகனுக்கு. புள்ள நல்லபடியா பொறக்கற வரைக்கும் அந்தக் கைல ஒரு நகை, ஒரு வளையல் கூடாது. கெனாவுல வந்து கேட்டுச்சு." வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மொட்டைத்தலையும் விபூதியும் சேர்ந்து அவருக்கு அசாத்தியமான நம்பகத்தன்மையைக் கொடுத்திருந்தன.

கெங்கம்மாள் கையை விட்டார். விட்டது மட்டுமில்லை, தன் கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "ஐயோ, தெரியாம இழுத்துட்டனே. அதான் சாமி ஒடச்சி காட்டிச்சி!" கூடம் முழுக்க 'முருகா' என்று ஒரு மூச்சு எழுந்தது. ஒரு கிழவி மதிவதனியின் இடது கையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான்காவது பொய்யும் நின்றுவிட்டது. இனி தலையை ஆட்டினால் போதும். சாப்பாடு, தாம்பூலம், வண்டி, வீடு. சுவேதாவின் தோள் தளர்ந்து இறங்கியது தெரிந்தது.

யுவராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மதிவதனியின் முன்னால் மண்டியிட்டாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நானும் மூணு மொட்ட வேண்டிகினு கீறேன். வர்ற செவ்வா மொதல் மொட்ட. நாள்கூட பாத்தாச்சு. டாக்டர் மருந்தெல்லாம் மார்கழி மாசத்தோட நிறுத்திட்டேன். சாமிய நம்பறவ மாத்திரையும் முழுங்கினா பலிக்காதுன்னு பெரிம்மா சொல்லிச்சு." குரல் தாழ்ந்தது. "இப்ப முடி மட்டும் குடுத்தா பத்தாதாக்கா? கையும் நேந்துக்கணுமா? எந்தக் கைக்கா?"

மதிவதனி அந்தப் பின்னலைப் பார்த்தாள். தலையணையில் அப்படியே பெயர்ந்து கிடந்த தன் முடியைப் பார்த்த காலை நினைவுக்கு வந்தது. அந்த முடியாவது, போகத்தான் போகிறது என்று டாக்டர் முன்பே சொன்னபடி போனது. இவள் தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறாள், மாத்திரையை நிறுத்திவிட்டு, தங்கவேலின் யோசனையை நம்பி.

"வாணாம் யுவராணி" என்றாள். "நான் எந்த வேண்டுதலும் பண்ணல."

"அம்மா" என்றாள் சுவேதா.

"மாருல கட்டி வந்துச்சு. கேன்சர். எடது மார எடுத்துட்டாங்க. அக்குள்லயும் எடுத்தாங்க, அதான் கை வீங்குது. மருந்து ஏத்துனதுல முடி கொட்டிச்சு. கர்ப்பப்பையும் இல்ல, மொட்டையும் இல்ல. நீ மாத்திரைய முழுங்கு."

தெருவில் ஐஸ் பெட்டி இறக்குகிறவர்களின் சத்தம் மட்டும் கேட்டது. கெங்கம்மாள் முதலில் தங்கவேலைப் பார்த்தார், அப்புறம் மருமகளின் வயிற்றைப் பார்த்தார், கடைசியில் மதிவதனியைப் பார்த்தார்.

"என் பேரப்புள்ள மேலயா வெளாண்டீங்க?" என்றார். கத்தவில்லை. "சேக்காடு முச்சூடும் சொல்லிகினு திரிஞ்சனே. கூமுட்ட மாரி."

எழுந்து அறைக்குள் போனார். உள்தாழ்ப்பாள் விழுந்தது.

சமூகம் என்னதான் அதிர்ச்சியில் உறைந்தாலும் பசி உறைவதில்லை. பத்து நிமிடத்தில் இலை போட்டுவிட்டார்கள். புளியோதரை, தயிர்சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் வழக்கம்போல வரிசைப்படி நகர்ந்தன; மதிவதனி உட்கார்ந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. கும்பிட்ட கிழவி கையைக் கழுவிவிட்டு வந்து சபீனாவிடம் ரகசியமாக, "தொத்துமாமே அது?" என்றாள். "தொத்தாதுமா. நாலு பக்கமும் தொத்திகினு போறது வாய்தான்" என்று சொல்லிவிட்டு சபீனா அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்து, அப்பளம் கேட்டாள்.

யுவராணியை மட்டும் காணவில்லை. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லையாம்.

சுவேதா கை கழுவும் இடத்தில் அம்மாவைப் பிடித்தாள். இரண்டு கையிலும் வளையல் குலுங்க, குரலை அடக்கிப் பேசினாள்.

"நாலு மணி நேரம்மா. இன்னும் நாலே மணி நேரம். அப்பா சொன்னதுக்கு மண்டைய ஆட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். எனக்காக அது முடியாதா உன்னால?"

ஏழு மாதமாக எல்லாம் உனக்காகத்தான் என்று மதிவதனி சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவும் ஒரு கணக்குத் தீர்ப்பது மாதிரி ஆகிவிடும். "அவ மாத்திரைய நிறுத்திட்டாளாம்டி" என்றாள்.

"யாரோ ஒருத்தி! அவளுக்கும் எனக்கும்..." என்று ஆரம்பித்த சுவேதா பாதியில் நிறுத்தினாள். அம்மாவின் முந்தானை ஓரத்தில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு. "அது என்ன, ரத்தமா? வெட்டிடுச்சா? அந்தக் கைலயா?" முந்தானையை விலக்கினாள். மணிக்கட்டுக்கு மேல் இரண்டு அங்குல நீளத்துக்கு மெல்லிய கோடு. சபீனா பின்னாலேயே வந்து நின்றாள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவணும், மருந்து தடவிச் சுத்தமான துணி சுத்தணும், ராத்திரிக்குள்ள செவந்தாலோ சுட்டாலோ நாளை வரைக்கும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும் என்று சொன்னாள். சுவேதா குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிக்கொண்டே திட்டினாள். "போடக்கூடாதுன்னு முதல்லயே கையை உருவிக்க வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா? இவ்வளவு வீங்கியிருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? போன்ல கேட்டா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்..." அந்தக் கையை அவள் தொடுவது ஆபரேஷனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. எங்கே அழுத்தலாம், எங்கே கூடாது என்று தெரியாமல் பச்சைக் குழந்தையைக் கழுவுவது போலக் கழுவினாள். மதிவதனி கையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

மூன்றரை ஆயிற்று. கதவு திறக்கவில்லை. மாமியார் நெற்றியில் விபூதி வைத்து அனுப்பாமல் மருமகள் படி இறங்குவது அந்த வீட்டில் வழக்கமில்லை. மாப்பிள்ளை சரண் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டு வந்து, யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தண்ணீர் கேன்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். தங்கவேல் கதவருகில் போய், சாவித்துவாரத்தைப் பார்த்துப் பேசினார்: "சம்மந்தி, நான் ஒண்ணு சொல்லிடறேன். மூணு மொட்டயும் நெஜமாவே குடுத்தாச்சு. தல மட்டும் வேற." இந்த மனிதர் இன்றைக்கு ஏற்கெனவே நிறைய யோசித்துவிட்டார் என்று மதிவதனி அவரை வேனுக்கு அனுப்பிவைத்தாள்.

பந்தலில் மிச்சமிருந்த பெண்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற குரல். "தாய்க்கு வந்தா பொண்ணுக்கு வரும்றாங்களே. நாள பின்ன பொறக்கறது பொட்டப்புள்ளயா இருந்தா?" "கெங்கம்மா அனுப்பாது பாரேன். இந்நேரம் அந்த ஊட்டுக்கு எப்டி அனுப்பும்?"

சுவேதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுவதற்கே அவளுக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. அறைக் கதவுக்குப் போனாள்.

"அத்தை. என் பை உள்ள இருக்கு."

கதவை ஒரு முறை தட்டினாள்.

"நாலு ஆகப்போகுது. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன் அத்தை. நீங்க அனுப்பலேன்னாலும் போறேன். வந்து விபூதி வெச்சு அனுப்பினீங்கன்னா சந்தோஷமா போவேன்."

மதிவதனி தூணோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் கடிகாரம் நான்கைத் தாண்டியது. நான்கே கால். நான்கு இருபது. வேன்காரர் ஒரு முறை ஹாரன் அடித்தார். நான்கு இருபத்தைந்துக்குத் தாழ்ப்பாள் விலகியது.

கெங்கம்மாளின் முகம் கழுவித் துடைத்தது போலிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. ஒரு பெரிய துணிப்பையை, இரண்டு காது வைத்தது, தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் வைத்தார். நேற்றே அவர் அடுக்கி வைத்த பை. ஊறுகாய் பாட்டில், நல்லெண்ணெய், குழந்தைக்குக் கிழித்து மடித்த பழைய வேட்டித் துணி. மருமகளின் நெற்றியில் விபூதியைப் பூசினார், அது புருவம் வரை இறங்கியது. போய்ட்டு வா என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒதுங்கி நின்றார்.

சுவேதா படி இறங்கினாள். சரண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பை அங்கேயே இருந்தது. தூக்கி வர ஆண்பிள்ளை யாரும் பக்கத்தில் இல்லை. மதிவதனி குனிந்து வலது கையால் ஒரு காதைப் பிடித்தாள். பை ஒருச்சாய்ந்து, பாட்டில்கள் உள்ளே உருண்டன. தூக்க வரவில்லை. தன்னையறியாமல் அவளுடைய இடது கை இன்னொரு காதுக்குப் போயிற்று.

"அந்தக் கைய எடுங்க" என்றார் கெங்கம்மாள்.

எடுத்தாள். கெங்கம்மாள் குனிந்து அந்தக் காதைப் பிடித்துக்கொண்டார். பை தரையை விட்டு எழுந்தது.

வேன் தெருமுனையில் நின்றது, நாற்பது ஐம்பது அடி இருக்கும். பந்தலுக்குக் கீழே இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், நடுவில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். உயரம் சமமில்லாததால் பை கெங்கம்மாள் பக்கமே சரிந்துகொண்டிருந்தது.

"நேரா நடங்க. இழுக்குது."

மதிவதனி தோளைக் கொஞ்சம் இறக்கினாள். பாதித் தெருவில் எங்கோ ஒரு வீட்டு டிவியில் நாலரை மணி நிகழ்ச்சி ஆரம்பிக்கிற சங்கீதம் கேட்டது. இருவருமே அதைக் கேட்டார்கள்; ராகுகாலம் பிறந்துவிட்டது. நடை நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் இருவருடைய மணிக்கட்டிலும் இருந்த கண்ணாடி வளையல்கள் பையின் மேல் ஒன்றோடொன்று மோதின. உடைந்துவிடப் போகிறது என்று பயந்தபடியே இருவரும் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.